120 லிட்டர் தண்ணீரும் ஒரு பில் ரோலும்

போன வாரம் ஒரு ஜூனியர் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "அக்கா, பெரிய ஐஸ் கட்டி பெங்களூரில் எங்கே கிடைக்கும்?" எதற்கு என்று அவள் சொல்லவே வேண்டியதில்லை. இந்த வருடமும் எங்கள் நுண்கலைக் கல்லூரியில் இறுதியாண்டுக்காரர்களுக்குப் படைப்பு செய்ய அதே தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள்: நிகழ்காலத்தில் வாழ்தல். 2 வருடம் முன்பு நானும் இதே கேள்வியை ஊரெல்லாம் கேட்டு அலைந்தேன். எங்கே கிடைக்கும் என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். வேண்டாம்டி என்று சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. அவளுக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது, சரி, எல்லோருக்குமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு சிவாஜிநகரில் தையல் கடை. 4 வருட பி.வி.ஏ. (காட்சிக்கலைப் பட்டம்) படிப்பின் கடைசி செமஸ்டர் அது. ஜனவரிக் கடைசியில் தலைப்பு கிடைத்தது, ஏப்ரலில் வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். வகுப்பில் 23 பேர். முதல் வாரம் எல்லோரும் யோசனை சொன்னபோது 5 பேர் முள் இல்லாத கடிகாரம் என்றார்கள். 2 பேர் சோப்புக் குமிழி. ஒருவன் காட்சிக்கூடத்தின் நடுவில் சும்மா உட்கார்ந்து மூச்சுவிடப்போவதாகச் சொன்னான் (கடைசியில் அவனுக்குத்தான் நல்ல மார்க், அது வேறு கதை). இவர்களையெல்லாம் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தபடி நான் ஐஸ் என்றேன்.

என் யோசனை இதுதான். ஆளுக்குப் பாதி உயரம் வரும் 3 ஐஸ் பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிலோ மல்லிகை. ஐஸ் உருக உருகப் பூ ஒவ்வொன்றாக விடுபடும், பார்க்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். தாளில் எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. மேடம் மட்டும் அசையவில்லை. "வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் ஐஸ் கொண்டுவருகிறார்கள். உனக்கு ஏன் ஐஸ்?" என்று கேட்டார். நான் தயாராகத்தான் போயிருந்தேன். ஓலஃபுர் எலியாசன் என்ற கலைஞர் 2018இல் கிரீன்லாந்தின் ஐஸ் பாளங்களை லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூட வாசலில் கொண்டுவந்து வைத்து உருகவிட்டதைச் சொன்னேன். "அவர் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசினார். அந்த ஐஸ் அங்கே உருகிக்கொண்டிருந்த ஐஸ். உன்னுடையது எங்கிருந்து வருகிறது?" என்றார். ரஸ்ஸல் மார்க்கெட் மீன்கடைக்கு ஐஸ் போகும் இடத்திலிருந்து என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் மழுப்பிவிட்டேன். அந்த ஒரு கேள்விக்கு உங்களிடம் ஒரே வரியில் பதில் இல்லையென்றால் பையிலிருந்து பணத்தை எடுக்காதீர்கள். என்னிடம் பதில் இல்லை, ஆனால் வீம்பு இருந்தது.

முதல் 2 வாரம் வீட்டு ஃப்ரிட்ஜோடு போனது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டு உறையவைத்தால் நடுவில் பால்போல வெள்ளை, பூவே தெரியவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஃப்ரீஸரில் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் உறைந்துகொண்டு வருவதால் அதிலுள்ள காற்று தப்பிக்க வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது, அந்தக் குமிழிகள்தான் வெள்ளையாகத் தெரிகின்றன. மூடியில்லாத தெர்மகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தால் மேலிருந்து கீழாக மட்டுமே உறையும், காற்று கீழே தள்ளப்படும். அடிப்பகுதி உறையும் முன் வெளியே எடுத்துவிட்டால் கண்ணாடி மாதிரிக் கட்டி கிடைக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் குதித்தேன். ஆனால் அந்தப் பெட்டி எங்கள் ஃப்ரிட்ஜில் முழங்கை நீளத்துக்குமேல் போகாது. எனக்கு வேண்டியது 40 கிலோ.

அதற்குத்தான் ஐஸ் ஃபேக்டரி. அங்கே உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிரவைத்து, அதில் தகரக் கேன்களை இறக்கி வைத்திருக்கிறார்கள். உப்பு இருப்பதால் தொட்டி உறையாது, கேனுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும். பொறுப்பில் இருந்த பாய் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பாப்பா, இது மீனுக்குப் போற ஐஸு. மல்லிப்பூவைப் போட்டா அப்புறம் மீன் பூவாசம் அடிக்கும்மா" என்று சிரித்தார். ஆனாலும் 3 கேனைத் தனியாக ஒதுக்கித் தந்தார். முதல் தடவை கேனில் தண்ணீர் நிரப்பி ஒரு கிலோ பூவையும் கொட்டினோம். பூ மிதக்கும் என்ற சின்ன விஷயம் எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. மறுநாள் பாரை எடுத்தால் உச்சியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குப் பூக்கூழ், கீழே வெறும் ஐஸ். இரண்டாம் தடவை 4 நிலையாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையாக ஊற்றி உறையவைத்தோம். அதற்கு 3 நாள், பாயின் பொறுமை முழுவதும். அது போதாதென்று முகூர்த்த நாள் பார்த்துப் பூ வாங்கப் போயிருக்கிறேன். கே.ஆர். மார்க்கெட்டில் விடிகாலை ஐந்து மணிக்கு மல்லி கிலோ 1,100 ரூபாய். பூவை வைத்து எதுவும் செய்கிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், நான் கேலிக்குச் சொல்லவில்லை. உறைந்த மல்லி வெள்ளையாகவும் இருக்காது. இதழ் கன்றிப்போய் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிடும். வாடாமல்லி, செவ்வந்தி மாதிரி நிறமுள்ள பூவென்றால் கொஞ்சம் தாங்கியிருக்குமோ என்னவோ.

கூடத்துக்குக் கொண்டுபோன கதை தனி. மாமாவின் நண்பருடைய குட்டியானையில் உமி, சாக்கு எல்லாம் போட்டு 3 பாரையும் ஏற்றினோம். 7 கிலோமீட்டர்தான். 40 நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தேன், 1 மணி 50 நிமிடம் ஆனது. சிக்னல்களில் நிற்கும்போதெல்லாம் வண்டிக்குப் பின்னாலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும், என் வயிற்றில் யாரோ கைவிட்டுப் பிசைவது போலிருக்கும். இறக்கியபோது ஒரு பார் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. தொட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், அதை அப்படியே வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஒரு மணி நேரம் நிழலில் வைத்து, மேலே ஈரம் பளபளக்க ஆரம்பித்த பிறகு ஏற்றியிருக்க வேண்டும். ஐஸ் சிற்பம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது. நான் யாரையும் கேட்கவில்லை.

பெரிய தப்பு இனிமேல்தான். மறுநாள் காலை 11 மணிக்குத் தேர்வாளர்கள். அவர்கள் நிற்கும்போது பூ விடுபட வேண்டும். வீட்டில் ஒரு கிலோ கட்டி உருக ஏறக்குறைய 6 மணி நேரம் எடுத்தது. அப்படியென்றால் 40 கிலோவுக்கு 240 மணி நேரம், அதாவது 10 நாள். ஐயோ, உருகவே உருகாதே என்று பயந்து, கூடத்து மின்விசிறிகளை முழு வேகத்தில் வைத்துவிட்டுப் போனேன். சிரிக்காதீர்கள். ஐஸ் வெளித்தோலிலிருந்துதான் உருகும். எடை 40 மடங்கு ஆனாலும் அகலமும் உயரமும் மூன்றரை மடங்குக்குள்தான் ஆகின்றன, நேரமும் சுமாராக அந்த அளவுதான் கூடும். ஆக, சும்மா வைத்திருந்தாலே ஒரு நாளுக்குள் உருகிவிடும். அதில் மின்விசிறி வேறு. இன்னொன்று, 3 பாரும் சேர்ந்து 120 கிலோ, உருகினால் 120 லிட்டர் தண்ணீர். ஒவ்வொரு பாரின் அடியிலும் 3 அடிக்கு 3 அடி, 2 அங்குல ஆழத்தில் தகரத் தட்டு செய்து வைத்திருந்தேன். ஒரு தட்டு விளிம்பு வரை பிடித்தால் 40 லிட்டர், சரியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருந்தேன். விளிம்பு வரை தண்ணீர் நிற்கவேண்டுமென்றால் தரை ரசமட்டம் பார்த்த மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பழைய மரத்தரை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது.

கூடத்தை இரவு 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நான் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுத் தூங்கினேன். காலை ஒன்பதரைக்குக் கதவைத் திறந்தபோது 3 தட்டிலும் பழுப்புத் தண்ணீரில் பழுப்புப் பூ மிதந்துகொண்டிருந்தது. ஐஸ் என்று சொல்லிக்கொள்ள உள்ளங்கையளவில் ஒரு துண்டு. இந்தக் கணம், இந்தக் கணம் என்று 2 பக்கம் எழுதிக்கொடுத்தவள் நான். அந்தக் கணமெல்லாம் ராத்திரி ஒருத்தரும் இல்லாத அறையில் நடந்து முடிந்துவிட்டது. அழுகைகூட உடனே வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்த பிறகுதான் வந்தது. அங்கே சுவரோரமாக, அடுத்த நாள் மாட்டுவதற்காக என் தோழி தன் கரித்துண்டு ஓவியங்களைச் சாய்த்து வைத்திருந்தாள். 4 தாள்கள் அடியிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குத் தண்ணீரைக் குடித்திருந்தன. கரி கரைந்து தரையில் சாம்பல் நிறத்தில் ஓடியிருந்தது. அவள் வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு முட்டி போட்டு உட்கார்ந்து துணியால் ஒற்ற ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தேர்வாளர்கள் வந்தார்கள். வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். மாலையில் ஃபோனை டைம்லாப்ஸில் வைத்திருந்தேன், சார்ஜ் தீர்ந்து ஒன்பது மணிக்கு அணைந்திருந்தது. 2 மணி நேரம் உருகியது முக்கால் நிமிட வீடியோவாக இருந்தது, அதிலும் பாதி, காவலாளி குறுக்கே நடப்பது. "எங்களுக்கு மார்க் போட எதாவது வேண்டுமே" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் மேல் கோபமில்லை. நிலைக்காத ஒன்றைச் செய்கிறீர்கள் என்றால், அது போன பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். சார்ஜரில் செருகிய கேமரா, அசையாத ஸ்டாண்ட், அரை மணிக்கு ஒரு படம், பக்கத்தில் நேரம் எழுதிய ஒரு நோட்டு. அது இல்லாதவர்களுக்குத் தேர்வாளர் எப்போது வந்தாலும் நேற்றைய கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் 2 தடவைக்கும் சேர்த்து 2,800. இரண்டாம் தடவைக்கான பூ 3,300, முதல் தடவை பூவை அம்மாவுக்குத் தெரிந்த பூக்காரம்மா மிச்சப் பூ என்று சும்மா கொடுத்தது. தட்டுகள் 7,500. வண்டி 2,200. கூடத்து வாடகையில் என் பங்கு 6,000. தரைப் பலகை உப்பியதற்காக முன்பணத்தில் பிடித்தது 7,000. தோழிக்குத் தாள், ஃபிரேம் என்று நான் கொடுப்பதாகச் சொன்னது 8,000. மொத்தம் 36,800 ரூபாய். இதில் 20,000 அப்பா தீபாவளிச் சீசனில் எடுத்துவைத்தது. அம்மா தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, உருகிப் போறதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டார். மேடம் ஜனவரியில் கேட்ட அதே கேள்விதான், அம்மா ரூபாயில் கேட்டார். முன்பணத்தைப் பற்றி ஒன்று: கூடம் எடுக்கும்போது தண்ணீர், மண், நெருப்பு எது கொண்டுவருகிறீர்கள் என்று எழுதிக்கொடுத்து, சேதமானால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். தரையைக் காலியாக இருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். என் 7,000இல் பாதி, பலகை ஏற்கெனவே உப்பியிருந்ததற்கானது என்று இன்றுவரை நம்புகிறேன். நிரூபிக்க ஒன்றுமில்லை.

மறுபடி சமர்ப்பிக்க 19 நாள் கொடுத்தார்கள். கையில் 900 ரூபாய் இருந்தது. அன்று ஈரப் பையோடு பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் தெரியாமல் நகத்தால் கீறினேன். கர்நாடக அரசின் இலவசப் பயணத் திட்டமான சக்தி திட்டத்தில் பெண்களுக்குக் கொடுக்கும் பூஜ்ய ரூபாய் டிக்கெட். நகம் பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அது தெர்மல் தாள். சூடு பட்டால் கறுக்கும்படி பூச்சு பூசியிருக்கிறார்கள், வேகமாகத் தேய்த்தாலே அந்தச் சூடு போதும். பஸ் மேயோ ஹால் சிக்னலில் நின்றது. பக்கத்து பைக்காரரின் ஹெல்மெட்டை டிக்கெட்டின் பின்னால்... இல்லை, பின்பக்கம் கீறல் விழாது, முன்பக்கம் எழுத்துக்கு நடுவிலேயே கீறினேன். பச்சை விழுந்தது, அவர் போய்விட்டார். பாதி ஹெல்மெட் மட்டும் என் கையில் இருந்தது.

மறுநாள் அவென்யூ ரோடில் கடைகளுக்கு பில் போடும் தெர்மல் ரோல் 10 வாங்கினேன். அல்சூரிலிருந்து கார்ப்பரேஷன் வரை ஜன்னல் சீட்டில் போக வேண்டியது. டிரினிட்டி, மேயோ ஹால், ரிச்மண்ட் சர்க்கிள், எங்கே சிவப்பு விழுகிறதோ அங்கே கரண்டிக் காம்பால் வரைய ஆரம்பிக்க வேண்டியது. பச்சை விழுந்ததும் பாதிக் கோட்டிலேயே நிறுத்த வேண்டியது. திருத்தம் கிடையாது. சில சிக்னலில் நொடி எண் ஓடும், சிலவற்றில் ஓடாது. ஓடாத இடத்தில்தான் கை நன்றாகப் போனது, எண் தெரிந்தால் மனசு அதையே எண்ணிக்கொண்டிருக்கும். முகங்களை வரையவில்லை, கேட்காமல் வரைவது எனக்குப் பிடிக்கவில்லை. முழங்கை, பக்கக் கண்ணாடி, ஆட்டோ மீட்டர் துணி, டிவைடரில் உட்கார்ந்த காகம். ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, சலான் எழுதுறியா?" என்று கேட்டார். இல்லண்ணா, உங்க கண்ணாடியை வரையறேன் என்று ரோலைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழத்தை விட்டுட்டியே" என்றார். போட்டுக்கொண்டிருக்கும்போதே பச்சை.

இந்த வரைதலுக்கு விதி என்ன என்று மேடம் கேட்டபோது இந்தத் தடவை பதில் இருந்தது. அப்போதுதான் அவர் 2 கலைஞர்களைப் பற்றிச் சொன்னார். ஆன் கவாரா 1966இலிருந்து அன்றைய தேதியை மட்டும் ஓவியமாகத் தீட்டினார், அன்றைக்குள் முடியவில்லையென்றால் அழித்துவிடுவார். டெச்சிங் சியே 1980இல் தொடங்கி ஒரு வருடம் மணிக்கொரு முறை ஆலைத் தொழிலாளி மாதிரி நேரம் பதியும் மெஷினில் அட்டை குத்தினார், ராத்திரியும்தான். 8,760 தடவையில் 133 தவறியது. தூங்கியதால் 94, தாமதம் 29, முந்திக்கொண்டது 10 என்று அதையும் எண்ணி வைத்திருந்தார். தவறியதை மறைக்காமல் எழுதலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் ரோலிலும் தூங்கிப்போன சிக்னல்களுக்கு வெறும் இடைவெளி விட்டேன். 16 நாளில் 211 சிக்னல், அதில் 38 வெறுமை.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு: தெர்மல் தாள் வெயிலிலும் சூட்டிலும் கெடும், கோடுகள் சில மாதத்தில் வெளுக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, ஆனாலும் அன்றன்றே ஸ்கேன் செய்து தேதிபோட்டு வைத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் போடாதீர்கள், இன்னும் சீக்கிரம் மங்கும். பல ரோல்களின் பூச்சில் பிஸ்பீனால் என்ற, உடம்புக்கு ஆகாத ரசாயனம் இருக்கும், வரைந்த கையோடு முறுக்கு சாப்பிடாதீர்கள். மொத்தச் செலவு 870 ரூபாய். மார்க் சுமார்தான், மறுசமர்ப்பிப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். ஒரு தேர்வாளர் மட்டும் ரோலின் கூடவே கூடத்தை ஒரு சுற்று நடந்து, எலுமிச்சம்பழம் பாதியில் நிற்கும் இடத்தில் ஏன் என்று கேட்டார். பச்சை விழுந்துவிட்டது சார் என்றேன்.

தோழிக்கு 5,500 கொடுத்துவிட்டேன், 2,500 பாக்கி. அந்த ஜூனியர் பெண்ணுக்குப் பாயின் ஃபோன் எண்ணையும் அனுப்பிவிட்டேன், அவள் கேட்டது அதுதானே. தட்டு வேண்டுமென்றால் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிடக்கின்றன. ஒன்றில் அம்மா துணி விரித்து வடகம் காயவைக்கிறார், மற்ற இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.